நான் போடாத முக்காடு

அந்த ஆங்கிலேயருடைய படங்களை நான் முதலில் பார்த்தது கைப்பேசியில், மெல்பேர்னின் புறநகரான டார்னெய்ட்டிலிருந்து நகரத்துக்குப் போகிற ரெயிலில் நின்றுகொண்டு. அவர் லண்டனில் பெயர்பெற்ற ஓவியர், எழுபது தாண்டியவர். தன் காலத்து முக்கியமானவர்களை முன்னால் உட்கார வைத்துச் சிவப்புச் சோக்கால் வரைவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. ஒரு விஞ்ஞானி காதைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு நாடக நடிகை செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நீதிபதி பென்சிலைக் கடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒவ்வொருவரையும் பார்க்கிறபோது அவர்களோடு நெடுநேரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்ததுபோல இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்த மனிதரின் கை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மெல்பேர்னில் உள்ள ஒரு கலைக்கூடம் அவரை அழைத்திருந்தது. இந்த நகரத்தில் இன்று குறிப்பிடத்தக்கவர்கள் என்று சிலரைத் தெரிந்தெடுத்து அவரைக்கொண்டு வரைவித்துக் கண்காட்சி வைப்பது அவர்களுடைய திட்டம். ஒரு இருதய சத்திரசிகிச்சை நிபுணர், ஓய்வுபெற்ற காற்பந்து வீரர் ஒருவர், ஒரு சமையற்கலைஞர், ஒரு பெண் நீதிபதி, இப்படிப் போன அந்த வரிசையில் நானும் இருந்தேன். நான் கழிவுநீர்ப் பொறியியலாளர். இந்த நகரத்துச் சனம் குளித்த தண்ணியும் கழுவிய தண்ணியும் மற்றதும் எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் காலையில் எழும்பினால் அதைத்தான் யோசிப்பேன். அந்த வருடம் மேற்கில் இருக்கிற பழைய சுத்திகரிப்பு நிலையமொன்றைப் புதுப்பித்து முடித்திருந்தோம். வேலைக்குத் தலைமை தாங்கியது நான். பத்திரிகையில் படம் வந்தது, விருது ஒன்றும் தந்தார்கள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குப் பெருமையும் இருந்தது. இருக்கக்கூடாதா?

அவருடைய வேலைக்கூடம் பிரன்ஸ்விக்கில், பழைய தையல் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில். முதல் தடவை போனபோது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நேரே போனேன். நீலச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் தொங்குகிற மூக்குக் கண்ணாடி. அவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு உங்களுடைய உடை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இது என்னுடைய உடைதான். காசு கொடுத்து வாங்கினது."

சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், பகிடி விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

அவர் வரைந்துகொண்டே கதைக்கிற ஆள். நான் எப்படி இந்த நாட்டுக்கு வந்தேன், படகிலா என்று கேட்டார். விமானத்தில், மாணவர் விசாவில், ஒரு பெட்டியும் மூன்று கிலோ பாரமான புத்தகமும் கொண்டு வந்தனான் என்றேன். கொஞ்சம் ஏமாந்ததுபோல "ஓ" என்றார். பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்கு வாய் திறந்தால் மூடாது. நுண்ணுயிர்கள் எப்படி அழுக்கைத் தின்கின்றன, அவை பட்டினி கிடந்தால் என்ன நடக்கும், கடலோரத்துக் குளங்களுக்கு சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்து எங்களுடைய அழுக்குத் தண்ணியில் கொழுத்துப்போய்த் திரும்புகின்றன என்றெல்லாம் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் சோக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் ரசிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது தடவை எங்கள் ஊரில் நடந்த போரைப் பற்றிக் கேட்டார். சொல்ல விருப்பமில்லை என்றேன். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, தன்னுடைய தகப்பன் ஒரு போரில் செத்ததைச் சொன்னார். ஒரு வயதான மனிதர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையில்லை. அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர், திரும்பவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவ்வளவுதான் சொன்னேன், அதற்கு மேல் எனக்கே தெரியாது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவருடைய கை தாளின் மேல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "அப்படியே இருங்கள், அசையாதீர்கள்" என்றார். நான் அசையவில்லை.

மூன்றாவது தடவை அரைமணித்தியாலம்கூட இருக்கவில்லை. படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சுவரில் தொங்குகிறபோதுதான் காட்டுவேன், அது என் பழைய வழக்கம் என்றார்.

சுவரில் தொங்குவதற்கு முன்பே அது ரெயில் நிலையத்தில் தொங்கியது. ஒரு திங்கட்கிழமை அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற இளம் பொறியியலாளர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "நகரத்து நிலையத்தில் இருக்கிற போஸ்டர், அது நீங்களா? மனதை உருக்குகிறது" என்றார். மத்தியான இடைவேளையில் போய்ப் பார்த்தேன். படியிறங்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. சேலைத் தலைப்பைத் தலையில் முக்காடாக இழுத்துப் போட்ட ஒரு பெண். கண்கள் நிலத்தைப் பார்க்கின்றன. ஒரு கை நெஞ்சில் தலைப்பைப் பிடித்திருக்கிறது. மூக்கும் நாடியும் என்னுடையவை, மறுக்க முடியாது. கண்ணாடி இல்லை, சேர்ட் இல்லை. அந்தப் படிகளில் சனம் என்னை இடித்துக்கொண்டு ஏறி இறங்கியது. எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது, யாரோ என்னை உடுப்பு மாற்றும்போது பார்த்துவிட்டதுபோல. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் முக்காடு போடுவதில்லை. என் அம்மா போட்டதில்லை. மழைக்குக்கூடக் குடைதான் பிடிப்போம். எங்கேயோ பார்த்த எந்தச் சனத்தின் துக்கத்தையோ எடுத்து வந்து என் தலையில் போட்டிருந்தார் அந்த மனிதர்.

திறப்பு விழாவுக்குப் போகமாட்டேன் என்றேன். "போகாட்டி அவைக்கு ஒண்டும் விளங்காது. போய்ப் பாரும், பாத்திட்டுச் சொல்லும்" என்றார் கணவர். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்தும் ஒரு வான் நிறையச் சனம் வந்திருந்தது.

மற்றவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தன் விரல் நகங்களைப் பார்க்கிறார். காற்பந்து வீரர் முழங்காலைத் தடவுகிறார். சமையற்கலைஞர் கரண்டியை மணந்து பார்த்து முகம் சுளிக்கிறார். நீதிபதி கொட்டாவியை அடக்குகிறார். எல்லாம் அருமையான படங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் பெயர், அதன் கீழே தொழில். கடைசியாக என்னுடையது. பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் 'காத்திருப்பவள்' என்று ஒரு தலைப்பு. தொழில் இல்லை. தொழில் இருக்க வேண்டிய இடத்தில், காணாமற்போன சகோதரனை இந்தக் கண்கள் இன்னமும் தேடுகின்றன என்று ஒரு வசனம்.

அண்ணாவை அந்த வசனத்தில் பார்த்ததும் அதை மறுபடி வாசித்தேன்.

மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, இது யார்?"

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை.

எங்கள் சங்கத்து அன்ரி ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு லட்சணமா இருக்கிறீர் பிள்ளை. உந்த வேலை உடுப்பிலேயே உம்மைப் பாத்துப் பாத்து, நீர் இவ்வளவு வடிவெண்டு எங்களுக்கே தெரியாமல் போச்சு."

"அன்ரி, நான் முக்காடு போட்டு எப்பவாவது பாத்தனீங்களோ?"

"அதுக்கென்ன, அடக்கமாத்தானே இருக்கு. ஒரு வெள்ளைக்காரன் எங்கட சனத்தின்ர கஷ்டத்தை இவ்வளவு பெரிசா வரைஞ்சிருக்கிறான். சந்தோசப்படும்."

ஓவியர் வைன் கிளாசோடு நாலு பேருக்கு நடுவில் நின்றார். நேரே போனேன். கணவர் பின்னாலிருந்து, "என்னப்பா, இப்ப வேண்டாம், சனம் பாக்குது" என்றார். பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

"நான் சேலை உடுத்து வரவில்லை" என்றேன்.

"இல்லை" என்றார் சிரித்தபடி. "ஆனால் உடுத்திருந்தீர்கள். உள்ளே."

"உள்ளே நான் என்ன உடுத்திருக்கிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "உருவப்படம் புகைப்படம் இல்லை, அம்மணி. நான் ஆளின் மையத்தை வரைகிறேன்."

"அந்த டொக்டரின் மையம் அவருடைய நகத்தில் இருக்கிறதா?"

"அவருடைய கைகள்தான் அவருடைய வாழ்க்கை."

"அப்ப என்னுடைய வாழ்க்கை எது? உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் என் வேலையைப் பற்றிச் சொன்னேன். அந்த நேரம் நீங்கள் சோக்கைத் தொடவே இல்லை. அண்ணாவைப் பற்றி இரண்டு வசனம் சொன்னேன். அதற்குத்தான் கை ஓடியது."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்கே முழுதாக விளங்கியது. அவர் கிளாசைப் பக்கத்து மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, "நான் உங்களைக் கௌரவிப்பதாகத்தான் நினைத்தேன்" என்றார். பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பொய்யென்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் இளம் பெண். குழந்தைக்குப் பேசுவதுபோல மெல்லிய குரலில் பேசினாள். "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒவ்வொரு தடவையும் தொடங்கினாள். படத்தை இறக்கச் சொன்னதற்கு, போஸ்டர்கள் அச்சாகிவிட்டன, படத்தை இடையில் எடுக்க முடியாது, வேண்டுமானால் படத்தின் பெயரைப் பற்றி யோசிக்கலாம் என்றாள். எத்தனை நாளைக்கு யோசிப்பீர்கள் என்று கேட்டதற்கும் உணர்வுகளிலிருந்தே மறுபடி தொடங்கினாள்.

அந்தக் கிழமை ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். கண்காட்சியின் இணையப் பக்கத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவள், அன்றைக்குக் கேட்கவில்லை.

"அக்கா, அண்ணாவை ஏன் அவங்களுக்குக் குடுத்தனீங்கள்?"

"நான் குடுக்கேல்லை. அவங்கள் எடுத்தவங்கள்."

"அம்மா சாகிறவரைக்கும் வெளிச்சனத்தோட அண்ணாவைப் பற்றிக் கதைச்சதில்லை. இப்ப ஊரெல்லாம் பாக்கச் சுவரில நிக்கிறார்."

பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டிபானைகளை ஒரு காரணமும் இல்லாமல் கழுவி அடுக்கினேன். கணவர் வந்து வாசலில் நின்றார்.

"சனிக்கிழமை கலைக்கூடத்துக்குப் போகப்போறன்" என்றேன்.

"என்ன செய்யப்போறீர்?"

"இருக்கப்போறன்."

சனிக்கிழமை காலையில் அவர் நான் கேட்காமலே காரை வெளியில் எடுத்து வைத்திருந்தார்.

முதல் தடவை ஓவியரிடம் போட்டுப் போன அதே நீலச் சேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டேன். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டேன். மடக்குக் கதிரை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து இருந்தேன். காவலாளி, சோமாலிய நாட்டுக்காரர் போலிருந்தது, என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்கள்தானா?" என்றார். "முகம் மட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சனம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து வசனத்தை வாசித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அப்போது நான், "வணக்கம், அது நான் இல்லை. நான் கழிவுநீர்ப் பொறியியலாளர். ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பேன். சிலர் பயந்து நகர்ந்துபோனார்கள். சிலர் இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள், எடுக்க வேண்டாமென்று சொன்னேன். ஒரு வயதான பெண் மட்டும், "மலசலகூடத்தில் ஈரத்துடைப்பான்களைப் போடலாமா?" என்று கேட்டாள். பைக்கற்றின் மேல் 'போடலாம்' என்றுதான் எழுதியிருக்கிறதாம். அந்தத் துடைப்பான்கள் குழாயில் கொழுப்போடு சேர்ந்து கல்லாகி, ஆட்கள் உள்ளே இறங்கி வெட்டி எடுக்க வேண்டி வருவதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. கைகளை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் அந்த மற்றவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தொங்கினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஓவியர் வந்தார். பொறுப்பாளர் பெண் கூப்பிட்டிருக்க வேண்டும். கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டார். நான் கண்டுவிட்டேன், ஆனால் நிறுத்தவில்லை. கூட்டம் கலைந்ததும் முன்னால் வந்தார். பையிலிருந்து தாளையும் சோக்கையும் வெளியே எடுத்திருந்தார். கண்கள் பளபளத்தன.

"அப்படியே இருங்கள். இப்போது வரைகிறேன். இதுதான். இதைத்தான் நான் தவறவிட்டுவிட்டேன்."

பொறுப்பாளர் பெண்ணுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் மறுபடி வரைவது எவ்வளவு அழகான ஒரு நிகழ்வாக இருக்கும், இணக்கத்தின் தருணம் என்று அறிவிக்கலாம் என்றாள். நின்றவர்கள் சிலர் கை தட்டினார்கள்.

நான் எழும்பிக் கதிரையை மடக்கினேன்.

"இல்லை" என்றேன்.

"ஏன்?" அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "நீங்கள் கேட்டது இதுதானே?"

"நான் கேட்டது அதை இறக்கச் சொல்லி. மூன்று தடவை உங்களுக்கு முன்னால் வந்து இருந்தனான். அப்பவும் நான் இதே ஆள்தான். ஒளித்து வைத்திருக்கவில்லை."

"ஒரு மணித்தியாலம் தாருங்கள்."

"எனக்கு நேரமில்லை" என்றேன். அன்று வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அவருக்குக் கொடுக்க என்னிடம் நேரம் இருக்கவில்லை.

தாளைப் பிடித்த அவருடைய கை தாழ்ந்ததைப் பார்த்தேன். வயதான கை, நரம்பெல்லாம் எழும்பியிருந்தது. இரக்கம் வரும்போலிருந்தது. தங்கச்சியின் குரலை நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மடக்குக் கதிரை கதவில் இடித்துப் பெரிய சத்தம் போட்டது.

அடுத்த கிழமை படத்தை இறக்கிவிட்டார்கள். போஸ்டரையும் மாற்றினார்கள், காற்பந்து வீரரின் முழங்கால் வந்தது. நான் வென்றுவிட்டதாகச் சங்கத்து வட்டாரத்தில் மகள் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். அன்ரிமார் சிலர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கேரம் டவுன்ஸ் புறநகரில் இருக்கிற கோயிலில் கண்டபோது ஒரு அங்கிள், "கிடைச்ச மரியாதையைக் காலால தள்ளிப்போட்டீர்" என்றார். "மரியாதை எண்டால் என்ர பேரில வரவேணும் அங்கிள்" என்றுவிட்டு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு மகள் ஒரு படத்தை எனக்கு அனுப்பினாள். வெறும் சுவரில் ஒரு சின்ன அட்டை. இந்த உருவப்படம், அதில் இடம்பெற்றவர் அடைந்த மனவேதனை காரணமாக, அவருடைய வேண்டுகோளின்படி அகற்றப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

உடனே கலைக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். அந்த மெல்லிய குரல்தான் வந்தது.

"எனக்கு மனவேதனை இல்லை" என்றேன். "எனக்குக் கோபம். அப்படி எழுதுங்கள்."

"உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம். ஆனால் அந்தச் சொல் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. பார்வையாளர்கள் உங்களைப் பற்றித் தவறாக நினைக்கக்கூடும்."

"நினைக்கட்டும். வேதனை என்று போட்டால் அந்தப் படத்தையே மறுபடி சொல்லால் வரைந்ததுபோலத்தான். விளங்குகிறதா?"

விளங்கவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மேலிடம் என்ன சொன்னதோ, அடுத்த நாள் அட்டையையும் எடுத்துவிட்டார்கள். கண்காட்சி முடிகிறவரைக்கும் அந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்ததாக மகள் சொன்னாள்.

ஓவியர் லண்டனுக்குத் திரும்பிப் போனார். படம் அவருடைய சொத்து, அதில் எனக்கு உரிமை எதுவும் இல்லை. பிறகு அங்கே ஒரு விற்பனையில் அது போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். வாங்கியது யாரென்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்கள். எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே அது தொங்குகிறது, விருந்துக்கு வருகிறவர்களுக்கு அண்ணாவைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணா மெலிந்தவர், வாயாடி. பாண் வாங்கப் போனால் பாதியைத் தின்றுவிட்டுத்தான் வருவார். அவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

இத்தனை காலத்துக்குப் பிறகும் கோபமா என்று கணவர் கேட்பதுண்டு. ஓம் என்பேன். அவர் தேத்தண்ணி போட எழும்பிப் போவார்.